கணப்பு வேண்டாத வீடு

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

குளிர் நாட்டுக் குடும்பம் ஒன்றின் வரவு செலவுக் கணக்கை நம் குடும்பக் கணக்கோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், நமக்குப் பழக்கமில்லாத இனம் ஒன்று அதில் பெருந்தொகையாக நிற்கக் காணலாம். வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள ஆகும் செலவே அது. ஜெர்மனி, இங்கிலாந்து, கனடா போன்ற தேசங்களில் ஆண்டில் ஐந்து முதல் ஏழு மாதம் வரை கணப்பு இல்லாமல் வீட்டில் குடியிருக்க இயலாது. முன்னாளில் விறகும் நிலக்கரியும் எரித்தார்கள். பின்னர் எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. எதை எரித்தாலும் செலவு ஓய்வதில்லை.

இச்செலவு ஏழைகளையே அதிகம் வாட்டுகிறது. வசதி படைத்தவர் விலை ஏறினால் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவார். ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் முதியவரோ, இன்று உணவா, கணப்பா என்று எண்ணிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். குளிர் நாடுகளில் வீட்டின் உள் உஷ்ணம் 18 டிகிரிக்குக் குறையாமல் இருத்தல் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில் கூறியுள்ளது. அதற்குக் குறைந்தால் மூச்சு நோய்களும் இருதய நோய்களும் மிகுகின்றன. 2022-ஆம் ஆண்டில் உக்ரைன் யுத்தத்தை ஒட்டி ஐரோப்பாவில் எரிவாயு விலை பன்மடங்கு ஏறியபோது, இங்கிலாந்தில் பல ஊர்களில் வாசகசாலைகளையும் தேவாலய மண்டபங்களையும் திறந்துவைத்து, வீட்டில் குளிர் தாங்க மாட்டாதவர்கள் பகற்பொழுதில் வந்து உட்கார இடம் செய்து கொடுத்தார்கள். செல்வம் மிகுந்த தேசத்திலும் இந்த நிலைதான்.

அதே குளிர்காலத்தில், கணப்புக்கென்று மிகச் சொற்பமான தொகையையே செலவிட்டுச் சுகமாக இருந்த குடும்பங்களும் அந்நாடுகளில் உண்டு. அவர்கள் செல்வர்கள் அல்லர். அவர்களுள் பலர் கூட்டுறவுக் குடியிருப்புகளிலும் நகரசபை வீடுகளிலும் குடியிருப்பவர்கள். அவர்கள் வீடுகள் கட்டப்பட்ட முறையே அவர்களைக் காத்தது. அந்த முறையையும், அதற்கும் நம் கூட்டுறவு இயக்கத்துக்கும் உள்ள தொடர்பையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓட்டைக் குடமும் கம்பளியும்

குடத்தில் ஓட்டை இருந்தால் எத்தனை முறை நீர் மொண்டு ஊற்றினாலும் நிறையாது. குளிர் நாட்டுச் சாதாரண வீடும் அத்தகையதே. கணப்பிலிருந்து பிறக்கும் வெப்பம் சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் ஜன்னல் வழியாகவும் இடுக்குகளில் புகும் காற்றின் வழியாகவும் இடைவிடாது வெளியேறிக்கொண்டே இருக்கிறது. போகிற வெப்பத்துக்கு ஈடு செய்யவே கணப்பு எரிகிறது. போகாமல் தடுத்துவிட்டால் ஈடு செய்யவும் தேவையில்லை.

தடுப்பது எப்படி என்பதை நெசவாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பளி சூடு தருகிறது என்று சொல்கிறோம். உண்மையில் கம்பளியில் நெருப்பு ஏதும் இல்லை. நம் உடம்பின் சூட்டையே அது வெளியே போகவிடாமல் காக்கிறது. அந்த வேலையையும் பெரும்பாலும் செய்வது மயிரிழை அன்று. இழைகளுக்கு நடுவே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. அடர்த்தியாக முறுக்கி இறுக நெய்த துணியைவிடப் பொசுபொசுவென்ற கம்பளி குளிருக்கு இதமாக இருப்பதன் காரணம் இதுவே. ஆனால் அதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதிர்காற்றில் நடந்தால் குளிர் உள்ளே பாய்கிறது. மேலே காற்றுப் புகாத ஒரு துணியையும் போட்டுக்கொண்டால்தான் கம்பளியின் முழுப் பயனும் கிட்டும். வீடு கட்டுவோர் கற்க வேண்டிய பாடம் இரண்டும் இதில் அடங்கிவிட்டன: கனமான கம்பளி ஒன்று; காற்றுப் புகாத உறை ஒன்று.

கனிமப் பஞ்சு எனப்படும் பொருளை வீட்டுச் சுவருக்குக் கம்பளியாகப் பயன்படுத்துகிறார்கள். கல்லையோ கண்ணாடியையோ உருக்கி இழையாக்கிச் செய்வது அது. செங்கல்லோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பதினைந்து முதல் இருபது மடங்கு வரை வெப்பத்தைத் தடுக்கவல்லது. ஓர் அடி கனத்தில் இப்பஞ்சைப் பொதிந்த சுவருக்கு ஈடாக வெறும் செங்கல்லாலேயே கட்டுவதென்றால், பதினைந்து அடிக்குக் குறையாத கனத்தில் கோட்டைச் சுவர் எழுப்ப வேண்டும்.

கனடா தேசத்தில் நடந்த பரீட்சை

1973-ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி நேர்ந்து விலை ஏறியதும், குளிர் நாடுகள் எல்லாம் விழித்துக்கொண்டன. கனடா தேசத்தின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், சூரிய வெப்பத்தைக் கொண்டே சூடாகும் வீடு ஒன்றைக் கட்டிக் காட்டுமாறு மாகாண அரசு ஆராய்ச்சியாளர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த மாகாணம் கோதுமை விளையும் பெருவெளி. குளிர்காலத்தில் அங்கே உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் இறங்குவதுண்டு, பகற்பொழுதும் குறுகியது. ஹரால்டு ஆர் முதலிய பொறியியல் நிபுணர்கள் கணக்கிட்டுப் பார்த்து, சூரிய வெப்பத்தைத் திரட்டுவதற்கு முன்னால் வெப்பம் போகும் வழிகளை அடைப்பதே அறிவுடைமை என்ற முடிவுக்கு வந்தனர்.

1977-ஆம் ஆண்டில் ரெஜைனா நகரத்தில் அந்த வீடு கட்டி முடிந்தது. சுவர்களை ஓர் அடி கனத்தில் இரட்டைச் சட்டமாக எழுப்பி நடுவே பஞ்சைப் பொதிந்தார்கள். கூரைக்கு அதைவிடக் கனமான பொதி. காற்றுப் புகாதபடி பிளாஸ்டிக் தாளை விரித்து ஒட்டுகளையெல்லாம் பிசின் கொண்டு அடைத்தார்கள். வழக்கமான உலை அந்த வீட்டில் வைக்கப்படவே இல்லை. அரசின் விருப்பத்தை முன்னிட்டுச் சூரிய வெப்பம் திரட்டும் கருவிகளும் பெரும் பொருட்செலவில் பொருத்தப்பட்டன.

பின்னர் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. சூரியக் கருவிகள் அடிக்கடி பராமரிப்பைக் கேட்டன. வீடு தனியாருக்கு விற்கப்பட்ட பிறகு அவை அகற்றப்பட்டன. சுவருக்குள் பொதிந்த பஞ்சோ எந்தப் பராமரிப்பும் கேட்கவில்லை. இருந்த இடத்தில் இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பெருவிலை யந்திரம் ஒருபுறமும், வாய்பேசாத பஞ்சுப்பொதி மறுபுறமும் நின்ற போட்டியில் பொதியே வென்றது.

டார்ம்ஸ்டாட் நகரத்து நான்கு வீடுகள்

1988-ஆம் ஆண்டில் ஜெர்மன் தேசத்துப் பௌதிக நிபுணர் வுல்ஃப்காங் ஃபைஸ்ட் என்பவரும், சுவீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் போ ஆடம்சன் என்பவரும் கலந்து ஆலோசித்தனர். முன்னோடிகளின் அனுபவத்தை ஒரு ஒழுங்கான சாஸ்திரமாக்கி, பெயரளவுக்கு மட்டும் கணப்பு வேண்டும் வீட்டைச் சாதாரண மக்களும் கட்டும்படி செய்யலாம் என்பது அவர்கள் கருத்து. அதன் விளைவாக டார்ம்ஸ்டாட் நகரத்தின் கிரானிஷ்டைன் பகுதியில், ஹெஸ்ஸே மாநில அரசின் உதவியோடு, வரிசையாக ஒட்டிய நான்கு வீடுகள் 1990-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு 1991-இல் குடிபுகப்பட்டன. ஃபைஸ்ட் அவர்களும் தம் குடும்பத்தோடு அவற்றுள் ஒன்றில் குடியேறினார். தாம் சொன்ன முறையில் தாமே வாழ்ந்து காட்டுகிறவரிடம் மக்களுக்கு நம்பிக்கை பிறப்பது இயல்பே.

ஒவ்வொரு வீடும் 156 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,680 சதுர அடி விஸ்தீரணம் உள்ளது. கூரையில் ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைய கனிமப் பஞ்சு. சுவரின் வெளிப்புறத்தில் பதினோரு அங்குலம் தெர்மோகோல். நிலவறையின் மேற்றளத்துக்கு அடியில் பத்து அங்குலம். ஜன்னல்களில் மூன்று கண்ணாடிகளை அடுக்கி, இடையே கிரிப்டான் என்னும் வாயுவை நிரப்பினார்கள். பெரிய ஜன்னல்களைத் தென்திசை நோக்கி வைத்தார்கள். வட பூகோளத்தில் குளிர்காலத்துச் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால் அவ்வழியே வெயில் உள்ளே விழும்.

இந்த முறைக்கு ஜெர்மன் மொழியில் பாசிவ்ஹவுஸ் என்று பெயர். தானாக வெப்பம் உண்டாக்கும் முயற்சி அதிகம் இல்லாமல், கிடைத்த வெப்பத்தைக் காத்து வைத்திருக்கும் வீடு என்று பொருள் கொள்ளலாம். அதற்கு ஓர் அளவும் வகுக்கப்பட்டுள்ளது. ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆண்டில் கணப்புக்கு 15 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக் கூடாது. மின்சாரக் கட்டணச் சீட்டில் நாம் காணும் அதே யூனிட்தான். ஒரு லிட்டர் எண்ணெயில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் இருப்பதால், ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஒன்றரை லிட்டர் என்று கணக்காகிறது. மத்திய ஐரோப்பாவில் பழைய வீடுகளுக்கு 150 முதல் 250 யூனிட் வரை ஆவதுண்டு. 100 சதுர மீட்டர் வீடு ஒன்று பழைய முறையில் சுமார் 2,000 லிட்டர் எண்ணெய் குடிக்குமானால், புதிய முறையில் 150 லிட்டரே போதும்.

கடுங்குளிர் நாளில் எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பார்த்தாலும் வியப்பே. ஒரு சதுர மீட்டருக்கு 10 வாட் போதும். அதன்படி 20 சதுர மீட்டர் அறைக்கு 200 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பிலிருந்தே ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளிப்படுகிறது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் அந்த அறைக்கு அதுவே கணப்பு. 156 சதுர மீட்டர் வீடு முழுவதற்கும் ஒன்றரை இஸ்திரிப் பெட்டியின் சூடு போதுமானது.

மூச்சு விடும் வீடு

இங்கே அங்கத்தினர்களுக்கு ஓர் ஐயம் தோன்றலாம். காற்றுப் புகாதபடி அடைத்த வீட்டில் மனிதர் எப்படி வாழ்வது? நியாயமான கேள்வி. 1970-களில் அவசர அவசரமாக இடுக்குகளை மட்டும் அடைத்துவிட்டு, காற்றுக்கு வேறு வழி செய்யாமல் விட்ட வீடுகளில் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சணம் பிடித்தது. குடியிருந்தவர்களுக்கு இருமல் வந்தது. சமைப்பதாலும் குளிப்பதாலும் துணி உலர்த்துவதாலும் மூச்சு விடுவதாலும் ஒரு குடும்பம் நாள்தோறும் பல லிட்டர் நீரை ஆவியாக்குகிறது. அது வெளியே போயாக வேண்டும்.

ஜன்னலைத் திறந்தால் ஈரத்தோடு வெப்பமும் போய்விடுகிறது. இதற்குக் கண்ட உபாயம் நம் அங்கத்தினர்களுக்கு அந்நியமானது அன்று. பால் ஒன்றியத்தின் பதப்படுத்தும் நிலையத்தைப் பார்த்தவர்கள், அங்கே மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிய சாதனம் ஒன்றைக் கண்டிருப்பார்கள். தகட்டின் ஒரு புறம் காய்ச்சிய சூடான பால் ஓடுகிறது. மறுபுறம் குளிர்ந்த பச்சைப் பால் எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. ஆயினும் காய்ச்சிய பாலின் சூடு தகட்டின் வழியே பச்சைப் பாலுக்கு மாறிவிடுகிறது. ஒன்று ஆறுகிறது, மற்றொன்று சூடேறுகிறது, எரிபொருள் மிச்சமாகிறது. அந்தத் தந்திரத்தையே இங்கே காற்றுக்குப் பயன்படுத்துகிறார்கள். சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வெளியேறும் வெதுவெதுப்பான அசுத்தக் காற்று, வெளியிலிருந்து வரும் குளிர்ந்த தூய காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. முக்கால் பங்குக்குக் குறையாமல் வெப்பம் மீள வேண்டும் என்பது விதி. ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் தூய காற்று சிறிய விசிறியின் உதவியால் இரவும் பகலும் வந்துகொண்டிருக்கும். ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பதில்லை. திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே பொருள்.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. சுவரெல்லாம் பஞ்சு பொதிந்துவிட்டு, பால்கனித் தளத்தின் கான்கிரீட்டை உள்ளிருந்து வெளியே ஒரே துண்டாக நீட்டிவிட்டால், வெப்பம் அந்த வழியே பாலம் கட்டிக்கொண்டு ஓடிவிடும். அவ்விடத்தில் சுவர் குளிர்ந்து ஈரம் படியும். ஆகவே கம்பளி எங்கும் அறுபடாமல் வீட்டைச் சுற்றி வர வேண்டும். வரைபடத்தின்மேல் பென்சிலை வைத்து, எடுக்காமல் முழுச் சுற்றும் கோடு இழுக்க முடிகிறதா என்று பார்ப்பது அந்நாட்டுக் கட்டடக் கலைஞர்களின் எளிய சோதனை.

தணிக்கை

கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் இருப்பதாலோ என்னவோ, இந்த முறையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அதன் தணிக்கைதான். வீடு முடியும் தறுவாயில் வாசல் நிலையில் ஒரு திரையைக் கட்டி, அதில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்துகிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் இடையே 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாகும்படி விசிறியை ஓட்டுகிறார்கள். ஐந்து மில்லிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்துக்கு அது சமம். அந்நிலையில் ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்றில் எத்தனை பங்கு இடுக்குகள் வழியே மாறுகிறது என்று அளக்கிறார்கள். 0.6 பங்குக்கு மேற்பட்டால் வீடு தேறவில்லை. கொத்தனாரும் தச்சரும் மின்சாரக்காரரும் எங்கெங்கே துளையிட்டு அடைக்காமல் விட்டார்களோ, அங்கெல்லாம் கைவைத்துப் பார்த்தாலே காற்று சில்லென்று வந்து காட்டிக் கொடுத்துவிடும். சுவர் பூசி மறைப்பதற்கு முன்பே இச்சோதனையைச் செய்துவிடுவதால், பிழையைத் திருத்த இடமும் இருக்கிறது.

டார்ம்ஸ்டாட் வீடுகளில் கருவிகள் வைத்து ஆண்டுதோறும் அளந்து வந்தார்கள். முதல் ஆண்டில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 யூனிட் செலவாயிற்று. புதுக் கட்டடத்தின் ஈரம் உலர வேண்டியிருந்தது. சில வேலைகளும் மிச்சமிருந்தன. அந்த எண்ணை அவர்கள் மறைக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் 12 யூனிட்டுக்குள் இறங்கி, பின்னர் 10-ஐ ஒட்டி நின்றது. கால் நூற்றாண்டு கழித்து 2016-ஆம் ஆண்டளவில் மீண்டும் சோதித்தபோதும், பஞ்சும் காற்றுறையும் தம் வேலையைக் குறைவின்றிச் செய்துவந்தமை தெரிந்தது.

யார் செலவிடுகிறார், யார் பயன் பெறுகிறார்?

இவ்வளவு நன்மை இருந்தும் எல்லாரும் ஏன் இப்படிக் கட்டுவதில்லை? ஆரம்பச் செலவு முதற்காரணம். 1998 முதல் 2001 வரை ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் இருநூறுக்கு மேற்பட்ட குடியிருப்புகளை இம்முறையில் கட்டி ஆராய்ந்தபோது, கட்டடச் செலவு சராசரியில் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதலாயிற்று. கணப்புச் செலவோ வழக்கமான புதிய வீடுகளைவிட ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. கூடுதல் கடனுக்கான தவணையைவிட மிச்சப்படும் எரிபொருள் விலை அதிகமாக இருந்தால், முதல் மாதத்திலிருந்தே லாபம். எரிபொருள் மலிந்தும் வட்டி ஏறியும் இருக்கும் காலத்தில் முதல் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டுகிறவர், அந்த 8 விழுக்காட்டைத் தம் கையிலிருந்து போட வேண்டும். கணப்புச் செலவைக் கட்டப்போகிறவரோ வாடகைக்கு வருகிறவர். கட்டி விற்கும் வியாபாரியும் அவ்வாறே. வீடு விற்றதும் அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. ஒருவர் ஒருமுறை மிச்சம் பிடிப்பதற்காக, மற்றொருவர் ஆயுள் முழுதும் தண்டம் கட்டுகிறார். கட்டுகிறவரும் குடியிருக்கிறவரும் வேறு வேறாக இருக்கும் வரையில் இந்தக் கணக்கு நேராகாது.

கூட்டுறவில் அவ்விருவரும் ஒருவரே. கட்டுவதும் சங்கம், குடியிருப்பதும் சங்கத்தின் அங்கத்தினர். இன்று கூடுதலாகப் போடும் பங்குத் தொகையும், நாளை குறையும் கட்டணமும் ஒரே குடும்பத்தின் பேரேட்டில்தான் பதிவாகின்றன. ஆகவே இந்த முறையை முன்னின்று கைக்கொண்டவர்களுள் கூடிக் கட்டியவர்கள் பலர் இருப்பதில் வியப்பில்லை. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரத்தின் ஃபோபான் பகுதியில் பல குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து 1999-ஆம் ஆண்டிலேயே அடுக்கு மாடிக் கட்டடம் ஒன்றை இம்முறையில் எழுப்பின. இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரத்துக்கு அருகே ஹால்டன் கிராமத்தில், லூன் நதிக்கரையில் 41 வீடுகள் கூடிவாழ் முறையில் கட்டப்பட்டு, பொதுச் சமையற்கூடமும் பொதுச் சலவை அறையும் வைத்துக்கொண்டிருக்கின்றன. நாரிச் நகரசபை தன் வாடகைதாரர்களுக்காகக் கட்டிய நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு, 2019-ஆம் ஆண்டில் பிரிட்டனின் மிக உயர்ந்த கட்டடக் கலைப் பரிசான ஸ்டர்லிங் பரிசு கிடைத்தது. ஏழைகளுக்கென்று கட்டுவது எளிமையாக இருக்கலாம். மட்டமாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்நகரம் மெய்ப்பித்தது.

வைக்கோல் வீடு

பயிரிடுவோர் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்று லீட்ஸ் நகரத்திலிருந்து வருகிறது. அங்கே பிராம்லி என்ற பகுதியில் லைலாக் என்னும் சங்கத்தார் 20 வீடுகள் கட்டி 2013-ஆம் ஆண்டில் குடியேறினர். மரச் சட்டத்துக்குள் வைக்கோற் கட்டுகளை இறுக அடைத்துச் செய்த பலகைகளே அவ்வீடுகளின் சுவர். அவற்றை அடைக்கும் வேலையில் அங்கத்தினர்களும் கைகொடுத்தார்கள். நிலமும் வீடுகளும் சங்கத்துக்கே சொந்தம். ஒவ்வொரு குடும்பமும் தன் நிகர வருமானத்தில் 35 விழுக்காட்டைச் சங்கத்துக்குச் செலுத்தி, அதற்கேற்பப் பங்குரிமை பெறுகிறது. வருமானம் குறைந்தவரும் கூடியவரும் அடுத்தடுத்த வாசலில் குடியிருக்கிறார்கள்.

வைக்கோல் வீடு புதுமையும் அன்று. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தின் மணற்குன்றுப் பகுதியில் குடியேறியவர்கள், வீடு கட்ட மரம் கிடைக்காமையால், அப்போது வந்த கட்டுக்கட்டும் யந்திரத்தின் உதவியால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வைக்கோற் கட்டுகளை அடுக்கி வீடு கட்டினார்கள். வைக்கோலிலும் வெப்பத்தைத் தடுப்பது தாளுக்குள்ளும் தாளுக்கிடையிலும் அடைபட்ட காற்றே. தானியமணி தங்காத சுத்தமான தாளாக இருக்க வேண்டும்; இல்லையேல் எலி வரும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி மழையிலிருந்து காக்க வேண்டும். தீப்பற்றுமே என்று அஞ்சுவார்கள். உதிரி வைக்கோல் பற்றுவது உண்மை. இறுக அழுத்திய கட்டில் காற்றோட்டம் இல்லாமையால், மேற்பூச்சும் இருந்தால், தீ எளிதில் உட்புகுவதில்லை.

ஆட்டு ரோமமும் இவ்வாறே பயன்படுகிறது. பிரிட்டனில் முரட்டு ரோமத்துக்கு விலை வீழ்ந்து, கத்தரிக்கும் கூலிக்கும் கட்டவில்லை என்று ஆடு வளர்ப்போர் வருந்திய ஆண்டுகள் உண்டு. அந்த ரோமத்தைச் செல்லரிக்காதபடி பக்குவம் செய்து, சுவருக்கும் கூரைக்கும் பொதியாக விற்கிறார்கள். நெய்வதற்கு ஆகாத ரோமம் வீட்டுக்குப் போர்வையாகிறது.

நமக்கு என்ன பாடம்?

நம் சமவெளியில் வியர்வை சிந்தும் அங்கத்தினர் இந்த வீட்டை அப்படியே இங்கே கொண்டுவர முயல வேண்டியதில்லை. குளிருக்கென்று வகுத்த அளவுகள் அவை. நமக்கு வேண்டியன நிழலும் காற்றோட்டமும் வெயில் இறங்காத கூரையும். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் உள்ள கணக்கு எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும்.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நெசவாளர் சங்கத்தின் நூல் கிடங்கைப் பார்வையிடச் சென்றேன். கிடங்கு கட்டியபோது கூரைக்கு வந்த விலைப்புள்ளிகளில் குறைந்ததை ஏற்று, சில ஆயிரம் மிச்சம் பிடித்ததாக நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பெருமையோடு எழுதியிருந்தது. இருப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒவ்வோர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஈரம் பட்டு நைந்த நூல் என்று கழிவு எழுதியிருந்தது. ஆறு ஆண்டுக் கழிவைக் கூட்டினால், மிச்சம் பிடித்த தொகையைப் போல் மூன்று பங்கு வந்தது. குழுவில் இருந்தவர்கள் நேர்மையானவர்கள். ஒருவரும் ஒரு பைசா தொட்டவர் அல்லர். தீர்மானப் புத்தகத்தையும் இருப்புப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை, அவ்வளவே. நானும் என் அறிக்கையில் கழிவுத் தொகையைக் குறித்தேனேயன்றி, கூரையைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்த மழைக்கு முன்னாலாவது ஓடு மாற்றியிருப்பார்கள். அக்குறை இன்றும் என் மனத்தில் இருக்கிறது. டார்ம்ஸ்டாட் வீடுகளைப் பற்றிப் படித்தபோது அந்தக் கிடங்குதான் என் நினைவுக்கு வந்தது.

ஆகவே சங்கத்துக்குக் கட்டடம் எழுப்பினாலும், யந்திரம் வாங்கினாலும், அங்கத்தினர் வீட்டுக்குக் கடன் கொடுத்தாலும், கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதற்கு இன்று என்ன செலவு? இருபது ஆண்டில் இதனால் ஆகும் செலவு என்ன? சொன்னபடி நடக்கிறதா என்று அளந்து பார்க்கப்போகிறவர் யார்? இம்மூன்றுக்கும் விடை எழுதிய பிறகே தீர்மானத்தில் கையொப்பமிடலாம்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் விலைப்புள்ளிகள் மேசைக்கு வரும்போது, குறைந்த விலையைப் படித்து முடித்ததும் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "பராமரிப்புக்கும் கழிவுக்கும் ஆண்டுக்கு என்ன ஆகும்?" என்று கேட்பாரானால், இக்கட்டுரை எழுதியதன் பயன் எனக்குக் கிட்டியதாகக் கொள்வேன்.